50 முதல் 79 வரை

நேயர்களுக்கு வணக்கம். ஆகஸ்ட் பாதி கடந்துவிட்டது. மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பரில் குடியிருப்பவர்களுக்கு இதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. இன்னும் சில வாரங்களில் சனிக்கிழமை காலை பால் வாங்கக் காரை எடுத்தால் மெயின் தெருவிலேயே நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான். பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு இடம் பிடிப்பவர்கள் மிச்சிகன் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் ஆட்ட அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் நாள் குறிக்கிறார்கள். ராகுகாலத்தைக்கூட அனுசரித்துக்கொள்ளலாம். பரம எதிரியான ஒஹாயோ ஸ்டேட் அணியோடு ஆடும் நாளன்று விழா வைத்தால் கேக் வெட்ட ஆள் இருக்காது.

1,07,601 பேர் உட்காரும் அரங்கம் எங்கள் அணியுடையது. அதில் நம்மவர்கள் எத்தனையோ பேர் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். ஆனால் ஆட்டம் தொடங்கிய பிறகுதான் ஆட்களைத் தேடுகிறார்கள். எனக்கோ ஆட்டத்தைவிட அதற்கு முன்னால் வரும் வீரர் பட்டியல்தான் பிடிக்கும். அந்தப் பட்டியலை எப்படிப் படிப்பது என்று பேசத்தான் வானொலி நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக வீட்டில் நான் பேசிப் பேசி, கேட்பார் இல்லாமல் போன விஷயம் இது. கேளுங்கள்.

பட்டியல் என்றால் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூட வருகைப் பதிவேடு மாதிரிதான். சட்டை எண், பெயர், ஆடும் இடம், உயரம், எடை, எத்தனையாவது ஆண்டு மாணவர், சொந்த ஊர். நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். ஒரே எண்ணில் இரண்டு பேர் இருந்தால் அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள். 0 முதல் 99 வரை நூறு எண்கள்தானே இருக்கின்றன? பந்து நம் கையில் இருக்கும்போது ஆடுகிற ஒருவர், எதிரணியைத் தடுக்கும்போது ஆடுகிற ஒருவர் என்று ஒரே எண்ணைப் பங்கிட்டுக்கொள்வார்கள். இருவரும் ஒரே சமயத்தில் களத்தில் நிற்கக்கூடாது, அவ்வளவுதான்.

பட்டியல் வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது குவார்ட்டர்பேக்கை. பந்து எறிபவர். தொலைக்காட்சியில் முகம் தெரிபவர். நான் சொல்கிறேன், அவரைக் கடைசியில் பாருங்கள். முதலில் 50க்கும் 79க்கும் இடைப்பட்ட எண்களைப் பாருங்கள்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நான் மாணவனாக வந்தபோது குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர். கார் தொழிற்சாலையில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் கீழே நிலவறையில் இருந்தேன். அவர் ஆகஸ்ட் மாத மாலைகளில் வாசற்படியில் செய்தித்தாளின் சிறப்பிதழை விரித்து, சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்திருப்பார். வாடகை கொடுக்கப் போன நான் மரியாதைக்காக, “இந்த வருஷம் நட்சத்திரம் யார்?” என்று கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “நட்சத்திரம் யார் என்று கேட்காதே தம்பி. முன்னால் நிற்கிற ஐந்து பேர் யார் என்று கேள்” என்றார். தம்பி என்பது என்னுடைய மொழிபெயர்ப்பு. அந்த மனிதர் அழைத்த தொனி அப்படித்தான் இருந்தது.

பார்த்தேயிராதவர்களுக்காக ஒரு நிமிடம். பந்து கையில் உள்ள அணியில் பதினொரு பேர். குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் ஐந்து பெரிய ஆட்கள் குனிந்து நிற்பார்கள். நடுவில் இருப்பவர் பந்தைக் கால்களுக்கு இடையே பின்னால் தள்ளிவிடுவார். அதற்குப் பிறகு அந்த ஐவருக்கும் பந்தோடு உறவு முடிந்தது. எறிய மாட்டார்கள், பிடிக்க மாட்டார்கள். எதிரே பாய்ந்து வருபவர்களை மார்பால் தாங்கி நிறுத்துவதுதான் வேலை. ஆளுக்கு 300 பவுண்டு, நம் கணக்கில் 136 கிலோ, பலர் அதற்கும் மேலே. அந்த முன்வரிசைக்கு உரியவைதான் 50 முதல் 79 வரையிலான எண்கள்.

நம் ஊரில் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். கூட்டம் தேரில் இருக்கும் சாமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். வடம் பிடிப்பவர்களைப் படம் எடுப்பார்கள். ஆனால் அந்தத் தேர் தெருமுனையில் திரும்புவது, சக்கரத்துக்கு அருகே குனிந்தபடியே ஓடி முட்டுக்கட்டை போடுகிறார்களே, அவர்கள் கையில் இருக்கிறது. அவர்களை எவரும் படம் எடுப்பதில்லை. இங்கே முன்வரிசை ஐவரும் அப்படித்தான்.

வீட்டுக்காரர் அவர்கள் எடையைவிட ஆண்டைத்தான் பார்ப்பார். முதலாமாண்டு என்றால் உதட்டைப் பிதுக்குவார். நான்காம், ஐந்தாம் ஆண்டு என்றால் சிவப்புக் கோடு. ஐந்தாம் ஆண்டு எப்படி வருகிறது என்று கேட்பீர்கள். ஒருவர் நான்கு பருவங்கள் ஆடலாம், அதை முடிக்க ஐந்து ஆண்டுகள் உண்டு. ஒரு ஆண்டை ஆடாமல் ஒதுக்கி வைப்பதற்கு ரெட்ஷர்ட் என்று பெயர். 2018 முதல் நான்கு ஆட்டங்கள்வரை ஆடினாலும் அந்த ஆண்டு கணக்கில் சேராது. நம் வீட்டில் புது அரிசியை உடனே உலையில் போடுவோமா? பழையதாகட்டும் என்று மூட்டையை ஒதுக்கி வைப்போம், குழையாது. பதினெட்டு வயதுப் பையனை அப்படி ஒரு வருஷம் வைத்திருந்து, தின்னக் கொடுத்து, எடை தூக்க வைத்தால் மூன்றாவது ஆண்டில் குழையாத ஆள் கிடைப்பார். பட்டியலில் ஒரே பையனின் எடையை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டுப் பாருங்கள், எனக்கு அது நாவல் படிப்பது மாதிரி.

இந்த முன்வரிசைப் பித்து உங்களுக்கு அலுப்பாக இருந்தால் ஒரு காட்சி சொல்கிறேன். 2023 நவம்பர் 25. ஆன் ஆர்பரில் ஒஹாயோ ஸ்டேட்டோடு ஆட்டம். இரண்டு அணிகளும் அதுவரை ஒரு ஆட்டமும் தோற்கவில்லை. மூன்றாம் கால்பகுதியில் 17-17. முன்வரிசையில் 65ஆம் எண் ஜாக் ஜின்டர், அணியின் தலைவர்களில் ஒருவர். அவர் கால் முறிந்து விழுகிறார். வண்டியில் ஏற்றுகிறார்கள். அத்தனை பெரிய அரங்கம் முழுவதும் வாயடைத்துப் போனது. என் பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இங்கேதான் பட்டியல் பேசுகிறது. ஜின்டரின் இடத்துக்கு ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்த கார்சன் பார்ன்ஹார்ட் உள்ளே நகர்ந்தார். அவர் விட்ட ஓரத்துக்கு வெளியிலிருந்து ட்ரென்ட் ஜோன்ஸ் வந்தார். இரண்டு இடங்களில் ஆள் மாறியாகிவிட்டது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அடுத்த ஆட்டத் துண்டு, அதாவது வண்டி வெளியேறிய பிறகு முதல் தடவை பந்து நகர்ந்ததும், பந்தோடு ஓடுகிற பிளேக் கோரம் 22 யார்டு ஓடி டச் டவுன், அதாவது எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுபோய்விட்டார்! கோடு தாண்டியவர் கைவிரல்களால் ஆறு, ஐந்து என்று காட்டினார். ஜின்டரின் 65. நான் அழவில்லை என்று சொன்னால் என் மனைவி இந்த வானொலிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு மறுப்பார்.

மிச்சிகன் 30-24 என்று வென்றது. மறுநாள் எல்லோரும் கோரம் பெயரைச் சொன்னார்கள், சொல்ல வேண்டியதுதான். நான் நினைத்தது ஜோன்ஸை. ஆகஸ்ட் பட்டியலில் அவரை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? முதல் ஐவர் யார் என்று கேட்பவர்கள் உண்டு. ஆறாமவர் யார் என்றும் கேளுங்கள். அந்த அணி அந்த ஆண்டு 15 ஆட்டங்களில் 15 வென்று தேசியக் கோப்பையைத் தூக்கியது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள், 2021இலும் 2022இலும், நாட்டின் சிறந்த முன்வரிசைக்கான ஜோ மூர் விருதும் மிச்சிகனுக்குத்தான். ஒரு தனி ஆளுக்கு இல்லாமல் வரிசை முழுவதற்கும் சேர்த்துக் கொடுக்கிற விருது அது. எனக்கு மற்ற விருதுகள்மேல் பெரிய ஈடுபாடு இல்லை.

சரி, இனி 2024 ஆகஸ்டுக்கு வருவோம். பட்டியல் படிப்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது. பயிற்சியாளர் ஜிம் ஹார்பா தொழில்முறை அணிக்குப் போய்விட்டார். முன்வரிசைப் பயிற்சியாளராக இருந்த ஷெரோன் மூர் தலைமைக்கு வந்தார். தொடக்கத்திலேயே களமிறங்கி ஆடிய 28 ஆட்டங்களில் 27 வென்று கொடுத்த குவார்ட்டர்பேக் ஜே. ஜே. மெக்கார்த்தி போய்விட்டார். தொழில்முறை அணிகள் ஆள் எடுத்தபோது மிச்சிகனிலிருந்து மட்டும் 13 பேர். முன்வரிசை ஐவரும் காலி. ஆறாமவர் ஜோன்ஸும் காலி. இத்தனைக்குப் பிறகும் பருவத் தொடக்கத் தரவரிசையில் 9ஆம் இடம் கொடுத்தார்கள்.

நான் எங்கள் தெரு நண்பர்களிடம் சொன்னேன், இந்த அணி பந்து எறிந்து பிழைக்காது என்று. சாபம் கொடுக்கிறாயா என்றார்கள். சாபம் இல்லை, பட்டியலில் இருந்தது. செப்டம்பரில் டெக்சாஸ் வந்து நம் மைதானத்திலேயே 31-12 என்று அடித்துவிட்டுப் போனது. குவார்ட்டர்பேக் இடத்தில் டேவிஸ் வாரன், பிறகு அலெக்ஸ் ஓர்ஜி, பிறகு ஜாக் டட்டில், மறுபடியும் வாரன். முன்வரிசை புதிதாக இருந்தால் இப்படித்தான், பின்னால் யாரை நிறுத்தினாலும் போதவில்லை என்று தோன்றும். வாரனைப் பற்றித் தனியாக ஒரு உரையே ஆற்றலாம். உயர்நிலைப் பள்ளியில் ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டவர், உதவித்தொகை இல்லாமல் தானே வந்து அணியில் சேர்ந்தவர். இங்கே அப்படிப்பட்டவர்களை வாக்-ஆன் என்பார்கள், பெரும்பாலும் பட்டியலின் அடியில் கிடக்கும் பெயர்கள்.

ஆனால் அதே பட்டியலில் இன்னொன்றும் இருந்தது. தடுக்கும் பக்கத்து முன்வரிசை. அங்கே எண் விதி அவ்வளவு இறுக்கம் இல்லை, ஆனாலும் பாருங்கள், மேசன் கிரேஹம் 55, கென்னத் கிராண்ட் 78. இரண்டும் என் 50க்கும் 79க்கும் நடுவில்! இருவரும் மூன்றாம் ஆண்டு, இருவரும் 300 பவுண்டுக்கு மேல். அடுத்த ஆண்டு தொழில்முறைத் தேர்வில் கிரேஹம் 5ஆவதாகவும் கிராண்ட் 13ஆவதாகவும் போனார்கள்.

இன்னொரு பெயர், கலேல் மல்லிங்ஸ். 2020இல் சேரும்போது லைன்பேக்கர், அதாவது ஓடுபவரைப் பிடித்துச் சாய்க்கிற ஆள். பிறகு அவரையே பந்தைக் கொடுத்து ஓடவைத்தார்கள். 2024 கோடையில் வந்த கல்லூரிக் கால்பந்து வீடியோ விளையாட்டின் அட்டையில் மிச்சிகனின் ஓட்டக்காரர் டானவன் எட்வர்ட்ஸ் படம் இருந்தது. என் பக்கத்து வீட்டுப் பையன் அதைக் கொண்டுவந்து காட்டினான். பருவம் முடிந்தபோது அணியில் அதிக தூரம் ஓடியவர் மல்லிங்ஸ். பட்டியலில் ஒருவரின் இடம் ஆண்டுக்கு ஆண்டு மாறியிருந்தால் அங்கே பென்சிலால் ஒரு வட்டம் போடுங்கள்.

நவம்பர் 30. ஒஹாயோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸில் ஆட்டம். அவர்கள் தரவரிசையில் 2ஆம் இடம், நமக்கு அதுவரை ஐந்து தோல்வி. மூன்று டச் டவுன் அளவுக்குத் தோற்போம் என்று பந்தயக்காரர்கள் சொன்னார்கள். ஆகஸ்டில் அத்தனை பேரும் வாயாரப் புகழ்ந்த வில் ஜான்சன், கோல்ஸ்டன் லவ்லேண்ட் இருவருமே அன்று களத்தில் இல்லை. ஒஹாயோ ஸ்டேட்டால் நடுவில் ஓடி 100 யார்டுகூட எடுக்க முடியவில்லை. 55ம் 78ம் நடுவில் நின்றுகொண்டிருந்தார்கள். மல்லிங்ஸ் ஓடிக்கொண்டே இருந்தார். 13-10, மிச்சிகன் வெற்றி. தோற்ற அந்த ஒஹாயோ ஸ்டேட்தான் ஜனவரியில் தேசியக் கோப்பை வாங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அந்த ஊர் நேயர்கள் சண்டைக்கு வருவார்கள்.

கண்ணாடிக்கு அப்பால் அறிவிப்பாளர் நான்கு விரல் காட்டுகிறார். நான்கு நிமிடம். அப்படியானால் வேகமாக.

வீட்டுக்காரர் காலத்தில் இல்லாத ஒரு பத்தி இப்போது பட்டியலில் முக்கியம், முந்தைய கல்லூரி. 2018இல் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது, கல்லூரி மாற நினைக்கும் வீரர்கள் பெயர் பதியும் இடம். 2021இல் வீரர்கள் தம் பெயரை வைத்துப் பணம் சம்பாதிக்கலாம் என்றானது, அதே ஆண்டு ஒருமுறை அணி மாறினால் ஒரு ஆண்டு காத்திருக்க வேண்டாம் என்றும் ஆனது. 2025 முதல் கல்லூரிகளே வீரர்களுக்கு வருவாயில் பங்கு தருகின்றன. 85 உதவித்தொகை என்ற பழைய கணக்கும் போய், அணிக்கு 105 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. மூட்டையை ஒதுக்கி வைத்துப் பழைய அரிசியாக்க இப்போது யாருக்கும் பொறுமை இல்லை, பக்கத்து வீட்டுப் பழைய அரிசியையே வாங்கிவிடலாம். நம் பக்கத்து மாநிலத்து இண்டியானாவைப் பாருங்கள். 2023இல் 3 வெற்றி, 9 தோல்வி. கர்ட் சிக்னெட்டி பயிற்சியாளராக வந்தார், தன் பழைய கல்லூரியான ஜேம்ஸ் மேடிசனிலிருந்து ஒரு கூட்டத்தையே கூட அழைத்துவந்தார், அடுத்த ஆண்டு 11 வெற்றி, 2 தோல்வி. மறுபக்கம் ஃப்ளோரிடா ஸ்டேட். 2023இல் 13 வெற்றி, ஒரு தோல்வி. அடுத்த ஆண்டுக்கும் வெளியிலிருந்து ஆட்களை வாங்கினார்கள், தரவரிசையில் 10ஆம் இடத்தில் தொடங்கினார்கள், முடித்தது 2 வெற்றி, 10 தோல்வி. வாங்கிய அரிசி எல்லாம் ஒரே பதத்தில் வேகாது. அங்கேயும் நான் முன்வரிசையைத்தான் குறை சொல்வேன், ஆனால் அதற்கு இன்னும் பத்து நிமிடம் வேண்டும்.

ஒரு விரல் காட்டுகிறார். உதைப்பவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன், போயிற்று. எழுந்து போகும்போது ஒன்று மட்டும். கொலம்பஸில் அந்த 13-10இல் இரண்டு முறை பந்தை உதைத்து ஆறு புள்ளி எடுத்தவர் டொமினிக் ஸ்வாடா. ஒன்று 54 யார்டிலிருந்து, மற்றது 21 யார்டிலிருந்து, ஆட்டம் முடிய 45 நொடி இருக்கும்போது. அவருக்கு எதிரே முந்தைய கல்லூரி என்ற பத்தியில் ஆர்கன்சா ஸ்டேட் என்றிருந்தது. ஆகஸ்டில் நான் அந்த வரியைப் பார்க்கவே இல்லை. என் பென்சில் 79ஐத் தாண்டிப் போகவில்லை. வணக்கம்.