குரல் போன ஊரும் டிவில வராத எழுத்தும்

மதிப்புக்குரிய விழாத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கிற செயலாளர் அம்மா அவர்களே, எனக்கு முன்னாடி பேசி என் நேரத்தையும் சேர்த்தே எடுத்துக்கிட்ட பேராசிரியர் ஐயா அவர்களே (கோச்சுக்காதீங்க ஐயா, நல்லாத்தான் இருந்துச்சு), சால்வை போட்ட பொருளாளர் அண்ணன் அவர்களே, மைக் பாத்துக்கிற தம்பி, எல்லாருக்கும் வணக்கம். யார் பேரையாச்சும் விட்டிருந்தா மன்னிச்சுக்கோங்க.

எனக்குக் குடுத்த தலைப்பு பேய் சீரியலும் சின்னப் பொண்ணு ஹீரோயினும். மூணு விஷயம் சொல்றேன். அந்தப் பொண்ணு யாரு, அந்தப் பேய்ங்க யாரு, மூணாவது அந்தக் காலத்து டிவி வியாபாரம்.

1997 மார்ச்ல அமெரிக்காவுல ஆரம்பிச்சு 2003 வரைக்கும் ஓடுன பஃபி த வேம்பயர் ஸ்லேயர், மொத்தம் 144 எபிசோடு. பேய்ப் படம்னா ஒரு பொண்ணு இருட்டுச் சந்துக்குள்ள போகும், கத்தும், சாகும், நம்ம பாத்துப் பாத்துச் சலிச்சது. இங்க அதே மாதிரி பஃபின்னு ஒரு 16 வயசுப் பொண்ணு சந்துக்குள்ள போறா, உள்ள பதுங்கியிருந்த ரத்தக்காட்டேரி அவ கையால தூசியாப் போறான். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாதுன்னு நான் எல்லா மேடைலயும் சொல்றதுதான், இங்கயும் சொல்லிக்கிறேன்.

அந்தப் பேய்ங்க யாருன்னா, பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க படுற கஷ்டம்தான் பேயா வருது, ஒரு உதாரணம் போதும். முதல் சீசன்லயே ஒரு மாணவி, கிளாஸ்ல கையைத் தூக்கிட்டே இருப்பா, டீச்சர் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க, யாருமே கண்டுக்காம கண்டுக்காம கடைசில நெஜமாவே கண்ணுக்குத் தெரியாமப் போயிடுவா. இந்தப் பொண்ணை ஞாபகம் வச்சுக்கோங்க.

இப்ப நான் சொல்ல வந்த கதை. 1999 டிசம்பர்ல வந்த 'ஹஷ்'னு ஒரு எபிசோடு. ராத்திரியோட ராத்திரியா ஊர்ல எல்லார் குரலையும் பேய்ங்க திருடி ஒரு பெட்டில அடைச்சிடும், கிட்டத்தட்ட 27 நிமிஷம் வசனமே கிடையாது! கழுத்துல சின்ன ஒயிட்போர்டு மாட்டிக்கிட்டுத் திரியுறாங்க. பஃபியோட குரு ஜைல்ஸ் இருக்காரே, எல்லாரையும் உக்கார வச்சு புரொஜெக்டர் போட்டுப் பாடம் எடுப்பார், முதல் ஷீட்டையே திருப்பிப் போட்டுடுவார், அப்புறம் ரத்தமும் இதயமுமா அவரே வரைஞ்ச படங்கள். இந்தப் பேய்ங்களை எப்படிக் கொல்றதுன்னு பஃபி கையால குத்திக் காட்டுவா, அந்த ஆக்‌ஷனைப் பாத்து எல்லாரும் வேற எதையோ நெனச்சு முழிப்பாங்க, அது என்னன்னு அம்மா முன்னாடி நான் சொல்ல மாட்டேன்.

எங்க அக்கா பொண்ணுக்கு காது கேக்காது. ஒண்ணா உக்காந்து பாத்தோம், அந்த சீன்ல எங்க எல்லாருக்கும் முன்னாடி அவதான் சிரிச்சா, நான் முழிக்கிறதைப் பாத்துட்டு எனக்கே ஜாடைல விளக்குனா. கடைசில பெட்டி உடைஞ்சு பஃபிக்குக் குரல் திரும்பி, அவ கத்துற கத்துல பேய்ங்க தலையெல்லாம் வெடிக்கும். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது, கை தட்டலாம் நீங்க! ஆனா பேச்சு திரும்ப வந்த உடனே எங்க பாப்பா கை ரிமோட்டுக்குப் போயிடுச்சு, கீழ வர்ற சப்டைட்டில் எழுத்தை ஆன் பண்ண. அதுல எழுத்து இருந்துச்சு. சேனல் மாத்தி நம்ம தமிழ் சீரியல் வச்சோம், மாமியார் வாயும் மருமக வாயும் ஆடுது, கீழ ஒரு வரி இல்ல. கொஞ்ச நேரம் பாத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

அமெரிக்காவுல 1990லயே சட்டம் போட்டு, 1993ல இருந்து 13 இன்ச்சும் அதுக்கு மேலயும் இருக்கிற புது டிவி எல்லாத்துக்குள்ளயும் எழுத்து காட்டுற சிப் இருந்தே ஆகணும்னு ஆக்கிட்டாங்க, அதாவது பஃபி வர்றதுக்கு முன்னாடியே. இங்கயும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல டிவி நிகழ்ச்சிக்கு சப்டைட்டிலோ சைகை மொழியோ வேணும்னு தெளிவா இருக்கு. சட்டம் இருக்கு, எழுத்து எங்க? கை தூக்கிட்டே இருக்கிறவங்களை யாரு திரும்பிப் பாக்குறது?

மூணாவது பாயிண்டு டிவி வியாபாரம்... தலைவர் ஐயா மணியைப் பாக்குறார், அது அடுத்த கூட்டத்துல. வெளிய போற வழில மேசை மேல தமிழ் சீரியலுக்கு எழுத்து கேட்டு மனு வச்சிருக்கோம், பேனாவும் கட்டி வச்சிருக்கோம், பேராசிரியர் ஐயா முதல் கையெழுத்து போடுறதா ஒத்துக்கிட்டார், அவர் பின்னாடி வரிசையா வாங்க. நன்றி, வணக்கம்.