மூங்கிலை வைத்து ஒரு கிலோமீட்டர் ஆழம்

(திரையில்: சீன வரைபடம். சிச்சுவான் மட்டும் நிறம் மாறுகிறது.)

வணக்கம். சீனாவின் பழைய கண்டுபிடிப்புகள் என்றதும் காகிதம், அச்சு, வெடிமருந்து, திசைகாட்டி என்று நான்கைச் சொல்லி நிறுத்திவிடுவோம். ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை: சிச்சுவானின் உப்புக் கிணறு.

சிச்சுவான் மலைகள் சூழ்ந்த நிலம். கடல் எங்கோ தொலைவில். உப்பளம் போட வழியே இல்லை. ஆனால் பாறைக்கு அடியில், பழங்காலக் கடல் விட்டுப்போன உவர்நீர் கிடக்கிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில், ஆளுநர் லி பிங் காலத்திலேயே அதற்காகக் கிணறு வெட்டினார்கள். ஆள் உள்ளே இறங்கி வெட்டுகிற அகலமான கிணறு; அதனால் ரொம்ப ஆழம் போக முடியவில்லை.

1040களில் அங்கே புதுவகைக் கிணறு வந்தது. வாய் ஒரு கிண்ணத்தின் அகலம்தான்!

(திரையில்: ஏற்றப்பலகையில் ஆட்கள் ஏறி இறங்கும் அசைபடம்.)

எப்படித் தோண்டினார்கள்? கனமான இரும்பு உளியை மூங்கில் நாரில் முறுக்கிய கயிற்றில் கட்டித் துளைக்குள் தொங்கவிடுவார்கள். கயிற்றின் மறுமுனை ஒரு ஏற்றப்பலகையில். ஆட்கள் பலகையில் ஏறினால் உளி மேலே வரும். குதித்து இறங்கினால் 'தொம்' என்று பாறையில் விழும். துளை வட்டமாக இருக்க, கயிற்றை அவ்வப்போது திருப்பிவிடுவார்கள். நாள் முழுக்க இதேதான்.

சரி, பக்கவாட்டில் நல்ல தண்ணீர் கசிந்து உவர்நீரோடு கலந்துவிடாதா? அதற்கும் மூங்கில். பெரிய மூங்கில்களின் கணுக்களை உடைத்து, ஒன்றின் வாயில் இன்னொன்றைச் செருகி உள்ளே இறக்கினார்கள். இன்றைய போர்வெல்லில் பைப் இறக்குகிறோமே, அதே வேலை.

எனக்கு மிகவும் பிடித்தது வாளி. சிறிய மூங்கில் குழாய். அடியில் ஒரு தோல் துண்டு. கீழே இறங்கும்போது உவர்நீர் தோலைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஏறும். மேலே இழுத்தால், உள்ளே இருக்கும் நீரின் எடையே தோலை அழுத்தி மூடிவிடும். அவ்வளவுதான் வால்வு! சிச்சுவானில் பிறந்த கவிஞர் சு ஷி இதையெல்லாம் கவனித்து எழுதி வைத்ததால்தான் நமக்கு இவ்வளவு விவரம் தெரிகிறது.

அதே காலத்தில் அங்கே அதிகாரியாக இருந்தவர் வென் தோங். மூங்கில் ஓவியத்துக்குப் பேர்போனவர். இவ்வளவு சிறிய கிணறுகளை மூடி மறைப்பது சுலபம், எத்தனை இருக்கின்றன என்ற கணக்கே அரசிடம் இல்லை என்று அவர் மேலிடத்துக்கு எழுதினார்.

அப்புறம் தீ. சில கிணறுகளில் உவர்நீரோடு எரிவாயுவும் வந்தது. அதை மூங்கில் குழாயில் அடுப்புக்குக் கொண்டுவந்து, அந்த நெருப்பிலேயே உவர்நீரைக் காய்ச்சினார்கள்.

(திரையில்: 1001 மீட்டர் நீளக் கோடு. பக்கத்தில் 21 மீட்டர் கோடு.)

இந்த முறை மெல்ல மெல்லத் தேறி, 1835இல் ஸிகோங் ஊரின் ஷென்ஹாய் கிணறு 1,001 மீட்டரைத் தொட்டது. உலகில் ஒரு கிலோமீட்டரைத் தாண்டிய முதல் கிணறு அதுதான். 24 ஆண்டுகள் கழித்து, 1859இல், அமெரிக்காவில் எட்வின் டிரேக் நீராவி எந்திரம் வைத்துத் தோண்டிய புகழ்பெற்ற எண்ணெய்க் கிணற்றின் ஆழம் சுமார் 21 மீட்டர்.

இப்போதும் ஸிகோங் போனால் ஷென்ஹாயின் மரக்கோபுரத்தைப் பார்க்கலாம். பக்கத்துக் கொட்டகையில் உவர்நீர் கொதித்துக்கொண்டிருக்கும்.