மெலிசான போன் கையால் அமுக்கினாலே வளையுமா? சந்தேகமும் விளக்கமும்

அடுத்த கேள்விக்கு வருவோம். ஒரு நண்பர் எழுதியிருக்கிறார்: "அண்ணா, ரொம்ப மெலிசாக வரும் புது போன் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். ஒரு வீடியோவில் இரண்டு கையாலும் பிடித்து அமுக்கினார்கள், வளைந்தே போய்விட்டது. இன்னொரு வீடியோவில் மூச்சுப் பிடித்து அமுக்கியும் ஒன்றும் ஆகவில்லை. யார் சொல்வதை நம்புவது? பேண்ட் பாக்கெட்டில் வைத்தால் வளையுமா?"

இரண்டு வீடியோவும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் கேட்டதற்கான பதில் இரண்டிலும் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

இந்தச் சண்டை இன்று வந்ததல்ல. 2014 செப்டம்பரில் ஐபோன் 6, 6 பிளஸ் இரண்டும் வந்தன. வந்த சில நாட்களிலேயே, பாக்கெட்டில் வைத்திருந்த போன் வளைந்துவிட்டது என்று ஆட்கள் படம் போட ஆரம்பித்தார்கள். அன்பாக்ஸ் தெரபி என்ற யூடியூப் சேனல்காரர் 6 பிளஸைக் கேமரா முன்னால் வெறும் கையால் வளைத்துக் காட்டினார். அவ்வளவுதான், ஊரே பற்றிக்கொண்டது. 'பெண்ட்கேட்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். ஆப்பிள் என்ன சொன்னது? விற்பனை தொடங்கிய முதல் 6 நாளில் 6 பிளஸ் வளைந்ததாக எங்களிடம் வந்தவர்கள் மொத்தம் 9 பேர்தான் என்றது. பத்திரிகையாளர்களைத் தன் சோதனைக் கூடத்துக்கே அழைத்துப் போய்க் காட்டியது.

அப்புறம் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற அமெரிக்கப் பொருள் சோதனை அமைப்பு இதை இயந்திரத்தில் வைத்துப் பார்த்தது. போனின் இரண்டு முனைகளையும் தாங்கிவிட்டு நடுவில் அமுக்கும் சோதனை அது. ஐபோன் 6 உருக்குலையத் தொடங்கியது 70 பவுண்டில், அதாவது சுமார் 32 கிலோவில். 6 பிளஸ் 90 பவுண்டு வரை தாங்கியது. ஐபோன் 5 தாங்கியது 130, சாம்சங் நோட் 3 தாங்கியது 150. வேடிக்கை என்னவென்றால், எச்டிசி ஒன் எம்8 என்ற போனும் அதே 70-ல்தான் வளைந்தது. அதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. வீடியோ எடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இயந்திரத்தில் 6-ஐவிட 6 பிளஸ்தான் கெட்டி. ஆனால் பாக்கெட்டில் வளைந்ததாக அதிகம் பேசப்பட்டது 6 பிளஸ். எப்படி? இயந்திரம் நடுவில் அமுக்கியது. வளைந்த போன்களின் படங்களைப் பார்த்தால் மடிப்பு நடுவில் இல்லை, கொஞ்சம் மேலே, வால்யூம் பட்டன் பக்கத்தில். பட்டன் வைக்க போனைச் சுற்றியிருக்கும் உலோகச் சட்டத்தில் ஓட்டை வேண்டும், அந்த இடத்தில் உலோகம் குறைவு. தபால்தலைத் தாள் துளை போட்ட கோட்டில்தானே கிழியும்? அது மாதிரி. அதோடு பெரிய போன் நீளம் அதிகம். நெம்புகோல் நீளமாக நீளமாகக் குறைந்த பலமே போதும். பின்பாக்கெட்டில் வைத்து உட்காரும்போது நெம்புவது உங்கள் முழு உடம்பு.

தடிமனுக்கு வருகிறேன். இதோ என் கையில் ஒரு ஸ்டீல் ஸ்கேல். படுக்கைவாக்கில் பிடித்தால் இரண்டு விரலுக்கே வளைகிறது, பாருங்கள். இப்போது ஓரம் மேலே இருக்கும்படி நிறுத்திப் பிடிக்கிறேன்... அசையவே மாட்டேன் என்கிறது. ஸ்கேலும் அதேதான், என் கையும் அதேதான். வளைக்கிற திசையில் இருக்கும் தடிமன் மட்டும்தான் மாறியது. ஒரு தகட்டின் தடிமன் பாதியானால் விறைப்பு பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகிவிடும். ஐபோன் 5எஸ் தடிமன் 7.6 மில்லிமீட்டர், ஐபோன் 6 தடிமன் 6.9. முக்கால் மில்லிமீட்டர்கூடக் குறையவில்லையே என்று தோன்றும். அந்தக் கணக்கில் கால் பங்கு விறைப்பு போய்விட்டது. போன் ஒரு கெட்டித் தகடு இல்லை, உள்ளே பேட்டரியும் சர்க்யூட் போர்டும் அடைத்த பெட்டி. அதனால் கணக்கு அச்சுப் பிசகாமல் பொருந்தாது. ஆனாலும் மெலிசாக்க மெலிசாக்க விறைப்பு வேகமாகக் குறையும்.

அப்படியென்றால் மெலிசான போன் எல்லாமே மோசமா? இல்லை. உலோகத்தை மாற்றினால் கதை மாறும். அடுத்த வருடம் வந்த 6எஸ்-ல் 7000 வரிசை அலுமினியம் என்ற கெட்டியான கலவைக்கு மாறினார்கள். தடிமனையும் சத்தமில்லாமல் 7.1 ஆக்கினார்கள். 2025-ல் வந்த ஐபோன் ஏர் 5.6 மில்லிமீட்டர்தான், ஆனால் சட்டம் டைட்டானியம். போன்களை உடைப்பதையே தொழிலாக வைத்திருக்கும் ஜெர்ரிரிக்எவ்ரிதிங் சேனல்காரர் அதைக் கையால் அமுக்கினார். வளைந்தது, விட்டதும் நிமிர்ந்துகொண்டது. அப்புறம் தராசு கட்டி நடுவில் இழுத்தார். கண்ணாடி விரிசல் விட 200 பவுண்டுக்கு மேல் தேவைப்பட்டது. வளைந்து நிமிர்வது வேறு, வளைந்தபடியே நின்றுவிடுவது வேறு. வீடியோ பார்க்கும்போது அமுக்கும் நேரத்தைப் பார்க்காதீர்கள். கையை எடுத்த பிறகு போன் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். 2014-ல் எல்லோரும் கண்ணுக்குத் தெரியும் வளைவைப் பற்றியே அடித்துக்கொண்டார்கள். நிஜமான கோளாறு வந்தது இரண்டு வருடம் கழித்து, பார்ப்பதற்கு நேராக இருந்த போன்களில். 6 பிளஸ் திரையின் மேலே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை துடிக்கும், கொஞ்ச நாளில் தொட்டால் வேலை செய்யாது. பழுது பார்க்கிறவர்கள் அதற்கு 'டச் டிசீஸ்' என்று பெயர் வைத்தார்கள். தொடுதலைக் கவனிக்கும் சிப், போர்டில் பொடிப்பொடியான சால்டர் (உருக்கி ஒட்டவைக்கும் உலோகம்) உருண்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கும். போன் நெளியும்போதெல்லாம் போர்டும் இம்மியளவு நெளியும், சால்டரில் விரிசல் விழும். இதோ இந்த ஜெம் கிளிப்பை ஒரு தரம் வளைத்தால் ஒன்றும் ஆகாது. இப்படியும் அப்படியும் பத்துப் பதினைந்து தரம் ஆட்டினால்... பாருங்கள், கையோடு வந்துவிட்டது. போன் உள்ளே நடப்பதும் இதுதான்.

2016 நவம்பரில் ஆப்பிள் இதற்கு 149 டாலரில் பழுது நீக்கும் திட்டம் ஒன்றை அறிவித்தது. கடினமான தரையில் பலமுறை விழுந்து, மேற்கொண்டு அழுத்தமும் பட்டால் இப்படி ஆகும் என்றது. 2018-ல் ஒரு வழக்கில் வெளிவந்த ஆவணங்களில் இன்னொன்று தெரிந்தது. 5எஸ்-ஐவிட ஐபோன் 6 வளைய 3.3 மடங்கும், 6 பிளஸ் வளைய 7.2 மடங்கும் வாய்ப்பு அதிகம் என்று கம்பெனியின் சொந்தச் சோதனையே சொல்லியிருந்திருக்கிறது. 9 பேர்தான் என்று சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் கையில் இருந்த இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் அது நேர்மை.

அதனால் ஒரே ஒரு தரம் முழு பலத்தோடு அமுக்கிக் காட்டும் வீடியோ, அது உடைந்தாலும் சரி, உடையாவிட்டாலும் சரி, உங்கள் பாக்கெட் கதையைச் சொல்லாது. உங்கள் போனுக்கு விழுவது தினமும் கொஞ்சம் கொஞ்சம், நூற்றுக்கணக்கான தரம்.

இனி உங்களுக்கு. போன் பிடித்திருந்தால் வாங்குங்கள், வீடியோவுக்காகப் பயந்து விட வேண்டாம். பின்பாக்கெட்டில் வைத்து உட்காராதீர்கள். இறுக்கமான ஜீன்ஸ் என்றால் முன்பாக்கெட்டும் அதே வேலையைத்தான் செய்யும், குனிந்து நிமிரும்போது தொடை எலும்பு நெம்பும். கவர் போடுங்கள், ஆனால் ரப்பர் மாதிரி மெத்தென்ற கவர் கீறலுக்கும் கீழே விழுவதற்கும்தான், வளைவதை அது தடுக்காது.

என் பழைய போன் ஒன்று, பெயர் வேண்டாம், எப்போது வளைந்தது என்றே எனக்குத் தெரியாது. ஒரு நாள் கவரைக் கழற்றிக் கண்ணாடி மேஜையில் திரை கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தேன். மூலையில் விரல் பட்டதும் 'டக்' என்று ஆடியது. எதிர் மூலை, மறுபடி 'டக்'. நீங்களும் உங்கள் போனை அப்படித்தான் பார்க்க வேண்டும். மல்லாத்தி வைத்தால் கேமரா மேடு இருப்பதால் நல்ல போனும் ஆடும், ஏமாந்துவிடாதீர்கள்.

ஆடுகிறது என்றால் தயவுசெய்து கையால் நிமிர்த்த முயலாதீர்கள். உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. அது மடங்கினாலோ உறை கிழிந்தாலோ தீப்பிடிக்கலாம். நான் நிமிர்த்திப் பார்த்தேனா என்று கேட்காதீர்கள். சரி, அடுத்த கேள்வி.