பாட்டிலில் வளரும் கடல்

நேயர்களுக்கு வணக்கம். தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று வேலூரைக் கேலி செய்வது பழைய வழக்கம். கடல் இல்லாத ஊரில் கடல்மீன் தொட்டி வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். "உப்புத் தண்ணிக்கு எங்க போறீங்க?" என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். அது பெரிய விஷயமே இல்லை. கடல் உப்புக் கலவை கடையில் கிடைக்கிறது. ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும்படி கரைத்தால் போதும். நம் பக்கத்து போர் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். தொட்டிக்குள் இருப்பவர்களுக்கு என்ன சாப்பாடு போடுவது? கஷ்டமான கேள்வி அதுதான்.

அதற்கு முன் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். கல் போல வளரும் பவளங்கள், கடல் விசிறிகள், கடல் குதிரைகள் எல்லாம் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. யாராவது ரகசியமாகக் கொண்டுவந்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கோமாளி மீன், இறால், விசிறி போல விரியும் குழாய்ப் புழுக்கள் இருந்தாலே தொட்டி நிறைந்துவிடும்.

பவளத் திட்டில் வாழும் உயிர்களுக்கு நீரோட்டம்தான் பந்தி பரிமாறுகிறது. கண்ணுக்குத் தெரியாத பாசிகள், அவற்றைத் தின்னும் நுண்ணுயிர்கள், முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகள் எல்லாம் மிதந்து வரும். இரவில் ஆழத்திலிருந்து இவற்றில் நீந்தக்கூடியவை மேலேறும்போது பவளங்கள் கைகளை நீட்டிப் பிடித்துத் தின்னும். பவளத்துக்குள் குடியிருக்கும் பாசி வெயிலில் சர்க்கரை தயாரித்துக் கொடுத்தாலும், உடம்பு வளரத் தேவையான நைட்ரஜனும் பாஸ்பரஸும் இந்த வேட்டையிலும் கிடைக்கின்றன. நாம் போடும் குருணைத் தீனி மிஞ்சினால் அழுகி அம்மோனியாவாகிவிடும். உயிருள்ள தீனி மிஞ்சினால் நீந்திக்கொண்டிருக்கும். அடுத்த வேளைக்கும் ஆகும்.

ஆனால் அதைத் தினமும் வளர்த்தாக வேண்டும். என் வீட்டில் தொட்டி ஒன்றுதான், பாட்டில்கள் ஏராளம். முதல் வரிசையில் நானோகுளோரோப்சிஸ் என்ற பாசி. ஒரு செல் 2 முதல் 4 மைக்ரான், அவ்வளவு சிறியது. உப்புத் தண்ணீரில் உரம் சேர்த்து, டியூப் லைட் வெளிச்சத்தில் காற்றுக் குமிழி விட்டால், இளம்பச்சையாக இருந்தது சில நாளில் கரும்பச்சையாகும். தயிருக்கு உறை எடுத்து வைப்பதுபோல் கொஞ்சம் ஒதுக்கி அடுத்த பாட்டிலைத் தொடங்க வேண்டும்.

இரண்டாம் வரிசையில் ரோட்டிஃபர் என்ற நுண்ணிய உயிர். அந்தப் பாசியைத் தின்று, ஆண் துணை இல்லாமலே பெருகும் ஜாதி. ராமேஸ்வரம் பக்கத்து ஊரான மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீன் குஞ்சுகளை வளர்க்கும்போதும் முதல் தீனி இதுதான், ஆர்டீமியா என்ற சின்ன உப்புநீர் இறாலெல்லாம் பிறகுதான். இங்கே ஓர் எச்சரிக்கை. ரோட்டிஃபரைத் தொட்ட டியூபைப் பாசிக்குள் விடவே கூடாது. ஒரு சொட்டில் நாலைந்து போனாலும் போதும், சில நாளில் பச்சைத் தண்ணீர் வெறும் தண்ணீராக நிற்கும். அதனால் காலையில் முதலில் பாசி, பிறகு ரோட்டிஃபர். முறையை மாற்றக் கூடாது.

ஆர்டீமியா முட்டையைப் பொரிக்க வைப்பது சுலபம். கவிழ்த்த இரண்டு லிட்டர் பாட்டில், உப்புத் தண்ணீர், நல்ல குமிழி, வெளிச்சம். வேலூர்ச் சூட்டில் ஒரே நாளில் பொரித்துவிடும். குமிழியை நிறுத்தி அடியில் டார்ச் காட்டினால் ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் அங்கே கூடும், ஓடுகள் மேலே மிதக்கும். அடியிலிருந்து உறிஞ்சி, மெல்லிய துணியில் வடித்துக் கழுவிக் கொடுக்கலாம். ஆனால் இதை மட்டும் கொடுத்தால் மீனுக்குத் தேவையான கொழுப்புச் சத்து போதாது. ஆர்டீமியாக் குஞ்சுக்கு வாய் திறந்த பிறகு, அதாவது பொரித்து அரை நாள் கழித்து, ஐசோகிரைசிஸ் பாசி கொடுத்துச் சில மணி நேரம் வைத்தால் சத்து ஏறும்.

நம் ஊரில் பெரிய தொல்லை வெயிலும் கரண்டும். தொட்டி 26 டிகிரி வாக்கில் இருக்க வேண்டும். வெளியே மே மாதத்தில் 40-ஐத் தாண்டும். நம் உலர்ந்த காற்றுக்கு, தண்ணீர்மேல் வீசும் சின்ன ஃபேன் சில டிகிரி குறைக்கும், கத்திரி வெயிலுக்கு அது போதாது, தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் வேண்டும். ஆவியாகிப் போனதற்குப் பதில் வெறும் ஆர்.ஓ. தண்ணீரே ஊற்றுங்கள், உப்பு எங்கும் போகவில்லை. மின்தடைக்குப் பேட்டரி ஏர் பம்ப் கட்டாயம். நெரிசலான ரோட்டிஃபர் பாட்டில் குமிழி நின்றால் அதிக நேரம் தாங்காது.

உயிர்த் தீனி மட்டுமே போதுமா? குழாய்ப் புழு போலத் தண்ணீரை வடித்துண்ணும் உயிர்களுக்கும் சின்ன மீன்களுக்கும் போதும் என்பது என் முடிவு. இலைப்பாசி மேயும் பெரிய மீன்களுக்குப் போதாது. கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் கருவியைத் தீனி வேளையில் நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் வளர்த்ததை அதுவே தின்றுவிடும். உயிர்த் தீனிதானே என்று தண்ணீர் மாற்றாமலும் இருக்காதீர்கள். தின்றதெல்லாம் கழிவாகத்தான் வெளியே வரும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் மாண்டரின் மீனின் அழகைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். அதற்கு உயிருள்ள கோப்பிபாட் என்னும் பொடி உயிர்தான் உணவு, பெரும்பாலும் வேறெதையும் தொடாமல் இளைத்தே சாகும். பாறை போட்ட தொட்டியைச் சில மாதம் மீன் இல்லாமல் ஓட விடுங்கள். ராத்திரி டார்ச் அடிக்கும்போது கண்ணாடி முழுக்க வெள்ளைப் பொடி ஓடினால் அந்த மீனைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை கடைக்காரர் எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்காதீர்கள். வணக்கம்.