எலியாவுக்குக் கிடைத்த அடை

நேயர்களுக்கு வணக்கம்.

மும்பைத் தமிழ்ச் சபைகளில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். "ஊரில் இருந்தப்போ ஜெபத்தில் நல்ல அனல் இருந்தது. இங்கே வந்தபிறகு குளிர்ந்துபோச்சு." தாராவியில் கேட்கலாம், சயான் கோலிவாடாவில் கேட்கலாம், முலுண்ட், கல்யாண் பக்கம் வீடு வாங்கிப் போனவர்களிடமும் கேட்கலாம். சொல்கிறவர் சபையை விட்டுப் போனவர் இல்லை. ஞாயிறு ஆராதனைக்கு வருகிறார், காணிக்கை கொடுக்கிறார், பாடகர் குழுவிலும் நிற்கிறார். உள்ளே மட்டும் ஏதோ வற்றிவிட்டது.

இதற்கு நாம் கைவசம் வைத்திருக்கிற மருந்து, இன்னொரு கூட்டம். மூன்று நாள் எழுப்புதல் கூட்டம், முழு இரவு ஜெபம், உபவாச ஜெபம். அவற்றை நான் குறை சொல்ல வரவில்லை. அங்கே வாழ்க்கை திரும்பியவர்கள் உண்டு. ஆனால் கல்யாணிலிருந்து தென்மும்பையின் சிஎஸ்எம்டி இரயில் நிலையத்துக்கு 54 கிலோமீட்டர். குழாயில் தண்ணீர் வருகிற நேரத்துக்கு எழுந்து, டப்பா கட்டி, நெரிசலில் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே திரும்புகிற ஒரு பெண்ணிடம், "இன்னும் அதிகமா ஜெபிக்கணும்மா" என்று சொல்லி அனுப்புவது எனக்கு என்னவோ சரியான வைத்தியமாகப் படவில்லை.

வேதாகமத்தில் வருகிற எலியா தீர்க்கதரிசியை எடுத்துக்கொள்ளுங்கள். கர்மேல் மலையில் பாகால் என்ற தெய்வத்தின் தீர்க்கதரிசிகள் 450 பேருக்கு எதிரே தனியாக நின்று, வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கண்டவர். அதைவிடப் பெரிய எழுப்புதல் கூட்டம் எங்கே இருக்கிறது? அடுத்த அதிகாரத்தில் அதே மனிதர் யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்கிறார். சாக வேண்டும் என்கிறார். அப்படியே தூங்கியும் போகிறார்.

தேவதூதன் வந்தான். பிரசங்கம் பண்ணவில்லை. "உன் விசுவாசம் எங்கே போயிற்று?" என்று கேட்கவில்லை. தட்டி எழுப்பி, சாப்பிடு என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். எலியா சாப்பிட்டார், மறுபடியும் படுத்துக்கொண்டார். அதற்கும் தூதன் கோபப்படவில்லை. இரண்டாம் தரம் வந்து எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றான். 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரம். அந்த போஜனத்தின் பலத்தில்தான் எலியா 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போனார். அங்கே தேவனுடைய மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் அதற்கு அப்புறம். தூக்கம் முதலில், சாப்பாடு அடுத்தது, தேவனுடைய சத்தம் கடைசியில். இந்த வரிசையை நாம் பெரும்பாலும் தலைகீழாக்கிவிடுகிறோம்.

ஆகவே சோர்ந்துபோன ஒருவர் ஒரு சனிக்கிழமை நன்றாகத் தூங்கினால் அது பின்மாற்றம் ஆகாது.

சரி, தூங்கி எழுந்த பிறகு? இங்கேதான் ஊர்ப் பேச்சுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. நம்மில் பலர் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். அங்கே சாயங்காலம் கோயில் மணி அடிக்கும். மணி அடித்தால் ஜெபம். மனசு இருந்ததா இல்லையா என்று யாரும் நம்மைக் கேட்கவில்லை. பாட்டி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள், நாமும் போய் உட்கார்ந்தோம், பாதி நாள் தூங்கி விழுந்தோம். அந்த அனலை நம் பக்தி தனியாகக் கட்டிக்காத்ததாக நான் நினைக்கவில்லை. அந்த மணிக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. இங்கே, எட்டாவது மாடியில், நமக்காக யாரும் மணி அடிப்பதில்லை. அதனால் உணர்ச்சி வரட்டும் என்று காத்திருக்கிறோம். அது வருவதாகக் காணோம்.

வெளிப்படுத்தின விசேஷத்தில் எபேசு சபைக்கு எழுதப்பட்டதும் இதுதான். அது சோம்பேறிச் சபை அல்ல. பிரயாசப்பட்டது, பொறுமையோடு உழைத்தது, அதற்காகப் பாராட்டும் பெற்றது. ஆனாலும் ஆதியில் இருந்த அன்பை விட்டுவிட்டது. அதற்கு ஆண்டவர் கொடுக்கிற யோசனை, "ஆதியில் செய்த கிரியைகளைச் செய்வாயாக" என்பது. முன்பு உணர்ந்ததை மறுபடி உணரும்படி சொல்லவில்லை, செய்ததை மறுபடி செய்யச் சொல்கிறார். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கீர்த்தனை, பிள்ளைகளோடு ஒரு சின்ன ஜெபம், எதிர்வீட்டுப் பாட்டியை விசாரிப்பது. ஐந்து நிமிடக் காரியங்கள்.

இரயிலில் போகிறவர்களுக்கு என்னுடைய சிபாரிசு, சங்கீதம் 120 முதல் 134 வரை. 15 சங்கீதங்கள், "ஆரோகண சங்கீதம்" என்று தலைப்பு இருக்கும். எருசலேமுக்கு யாத்திரை போனவர்கள் வழியில் பாடியவை என்பார்கள். பிரயாணிகளின் பாட்டு என்பதால் பெரும்பாலும் சின்னவை. 131-க்கும் 134-க்கும் மூன்றே மூன்று வசனம். குர்லாவிலிருந்து தாதர் வருவதற்குள் இரண்டு முறை வாசித்துவிடலாம். 127-ஐ மட்டும் மும்பைக்காரர்கள் தனியாகக் குறித்துவைத்துக்கொள்ளலாம். அதிகாலையில் எழுந்து, வருத்தத்தின் அப்பத்தைச் சாப்பிடுவது விருதா என்று சொல்லிவிட்டு, "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்" என்கிறது.

இரயில் என்றதும் நாராயண் வாமன் திலக் ஞாபகம் வருகிறார். 1861-இல் பிறந்த மராத்திக் கவிஞர். ராஜ்நாந்த்காவுக்குப் போகிற இரயிலில் ஒரு வெள்ளைக்காரர் பேச்சுக்கொடுத்து, ஒரு புதிய ஏற்பாட்டையும் கையில் கொடுத்தார். திலக்குக்கு அந்தப் புத்தகத்தின் மேல் பெரிய ஈர்ப்பு எதுவும் இல்லை. வாசிப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டோமே என்றுதான் வாசித்தார். மலைப்பிரசங்கத்துக்கு வந்தபோது அவரால் விட முடியவில்லை. 1895-இல் இதே பம்பாயில் ஞானஸ்நானம் பெற்றார். மராத்தி பக்திக் கவி துக்காராம் பாடிய அபங்கம் என்ற பாட்டு நடையிலேயே அவர் கிறிஸ்துவைப் பாடிய பாட்டுகள் இன்றும் மராத்தி சபைகளில் ஒலிக்கின்றன. லோக்கல் இரயிலில் தாளம் தட்டிப் பஜனை பாடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான். அவர்களும் மனநிலை பார்த்துப் பாடுகிறதாகத் தெரியவில்லை. ஏறுகிறார்கள், ஆரம்பிக்கிறார்கள்.

கடைசியாக, சபைகளை நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓரேபில் எலியா, "நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன்" என்று இரண்டு தரம் முறையிட்டார். பாகாலுக்கு முழங்கால் படியிடாத 7000 பேர் இருப்பதைத் தேவன் சொன்னார். அதோடு, வேலையைப் பகிர்ந்துகொள்ள எலிசா என்று ஓர் ஆளையும் காட்டினார். நம் சபைகளில் ஒரே ஆள் செயலாளர், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர், அசனப் பந்திக்கும் பொறுப்பு. அவர்தான் முதலில் வற்றிப்போகிறவர். வருகிற கமிட்டிக் கூட்டத்தில் அவருடைய பொறுப்புகளில் ஒன்றையாவது இளைஞர் ஒருவர் கையில் கொடுங்கள். இரண்டு வாரமாக ஆராதனைக்கு வராதவர் வீட்டுக்குப் போகிறவர்கள், வேதப்புத்தகத்தோடு ஒரு டப்பா இட்லியும் எடுத்துக்கொண்டு போங்கள்.

நன்றி, வணக்கம்.