சி.டி. ஸ்கேன் வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள்

(மருத்துவமனை ஊழியர்களுக்கான தொற்றுத் தடுப்புப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். செவிலியர்கள், லேப் டெக்னீஷியன்கள், துப்புரவுப் பணியாளர்கள் என்று எல்லோரையும் ஒரே ஹாலில் உட்கார வைத்ததற்காகவே ஏற்பாட்டாளர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். வழக்கமாக டாக்டர்களுக்கு ஏ.சி. அறையில் வகுப்பு நடக்கும். வார்டு துடைக்கும் அம்மாவுக்கு வராந்தாவில் நிற்க வைத்து சூப்பர்வைசர் இரண்டு வார்த்தை சொல்வார்.

கை கழுவும் முறை உங்கள் வார்டுச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. அதை நான் திரும்பச் சொல்லவில்லை. நிபா என்ற ஒரே ஒரு வைரஸ் எங்கெங்கே புகுந்தது என்று மட்டும் பார்ப்போம்.

1998 கடைசியில் மலேசியாவில் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவுகட்டி, கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் படுத்தவர்களில் பெரும்பாலோர் பன்றியைத் தொட்டு வேலை செய்த ஆண்கள். பன்றி மேய்ப்பவனாகப் பார்த்துக் கடிக்கக் கொசுவுக்குத் தெரியுமா? மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங் புதிய வைரஸைப் பிரித்தெடுத்தபோது 1999 மார்ச் ஆகிவிட்டது. 265 பேருக்கு நோய். 105 பேர் இறந்தார்கள். அங்கிருந்து போன பன்றிகளைக் கையாண்ட சிங்கப்பூர் இறைச்சிக்கூடத் தொழிலாளர்களிலும் 11 பேர் படுத்தார்கள், ஒருவர் பிழைக்கவில்லை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்ற பிறகே அடங்கியது.

2001இல் மேற்கு வங்கத்தின் சிலிகுரி. 66 பேர். பெரும்பாலோர் மருத்துவமனை ஊழியர்களும் நோயாளிகளைப் பார்க்க வந்தவர்களும்தான். அது நிபா என்று தெரியவே சில வருஷங்கள் ஆயின.

அடுத்தது நம் பக்கத்து வீடு. 2018 மே மாதம், கோழிக்கோடு மாவட்டம். முதல் நோயாளி பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் இருந்தார். அங்கிருந்து மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார்கள். சி.டி. ஸ்கேனுக்காக, கூட்டமான நடைவழியில், இருமிக்கொண்டே காத்திருந்தார். அன்றே இறந்தும் போனார். அப்போது அது எல்லோருக்கும் வெறும் காய்ச்சல் கேஸ். அந்த நடைவழியில் இருந்தவர்கள் அவருக்குச் சொந்தமும் இல்லை, சிநேகிதமும் இல்லை. வேறு நோயாளிகள், அவர்களுக்குத் துணைக்கு வந்தவர்கள். அவர்களில் பலர் பிறகு இறந்தார்கள். முதல் நோயாளியின் குடும்பத்தில் இன்னொருவர் படுத்த பிறகுதான் டாக்டர்கள் சந்தேகப்பட்டு, மாதிரியை மணிப்பாலில் உள்ள வைரஸ் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். நிபா என்று பதில் வந்தது. நோய் உறுதியானவர்களில் இரண்டே பேர்தான் பிழைத்தார்கள்.

பேராம்பிராவில் அந்த முதல் நோயாளியைக் கவனித்த செவிலியர் லினி மே 21 அன்று இறந்தார். சாகும் முன் கணவருக்கு அவர் எழுதிய கடிதத்தை மேடைதோறும் வாசிக்கிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கோபம் உண்டு. கடிதத்துக்குக் கண்ணீர் விடுகிற நாம், நம் ஊர் நைட் டியூட்டி நர்ஸின் அலமாரியில் இன்று எத்தனை மாஸ்க் இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

மலேசியாவில் தப்புப் பெயர், சிலிகுரியில் பெயரே இல்லை, கோழிக்கோட்டில் தாமதமான பெயர். லேப் ரிப்போர்ட் வந்த பிறகு எல்லோரும் பி.பி.இ. கிட் போட்டுக்கொள்வார்கள், அதில் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. பரவுவது அதற்கு முந்தைய நாட்களில்தான். 2019இல் எர்ணாகுளத்தில் ஒரு மாணவருக்கு நிபா வந்தது, வேறு யாருக்கும் பரவவில்லை. அதனால் பாடம் படித்தாயிற்று என்று நினைத்தோம். 2023இல் மறுபடி கோழிக்கோடு. முதல் நோயாளி இறந்தபோது அவருக்கு என்ன நோய் என்று தெரியாது. அவர் இருந்த மருத்துவமனைக்கு வேறு வேலையாக வந்துபோனவர்களுக்கும் தொற்றியிருந்தது. ஆறு பேருக்கு நோய், இரண்டு பேர் மரணம்.

ஆகவே நிர்வாகத்திடம் என் கோரிக்கை சின்னது. இருமிக்கொண்டு வருகிறவருக்கு வாசலிலேயே ஒரு மாஸ்க் கொடுங்கள். வரிசையிலிருந்து பிரித்து, காற்றோட்டமான தனி இடத்தில் உட்கார வையுங்கள். ஸ்கேனுக்கு அவரை முன்னால் அனுப்புங்கள், இல்லையென்றால் கூட்டம் குறைந்த பிறகு அனுப்புங்கள். இதற்கு எந்த ரிப்போர்ட்டும் தேவையில்லை. இதைச் செய்ய வேண்டியவர் டாக்டரும் அல்ல, ஓ.பி. சீட்டு எழுதுபவரும் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியும்தான். இருவரும் பெரும்பாலும் கான்ட்ராக்ட் ஆட்கள். இன்றைய பயிற்சிப் பட்டியலில் அவர்கள் பெயரைத் தேடினேன், காணோம். அடுத்த வகுப்புக்கு அவர்களையும் கூப்பிடுங்கள். நன்றி.