மேப்புல இருக்கற அந்தக் கோடு

எல்லாருக்கும் வணக்கம். மேப்புல கடலுக்கும் தரைக்கும் நடுவுல ஒரு கோடு இருக்கும்ல, ஸ்கூல்ல ப்ளூ பென்சில் வெச்சு தேய்ச்சு தேய்ச்சு வரைஞ்சிருப்போம், அந்தக் கோட்டைப் பத்திதான் பேச வந்திருக்கேன். அப்படி ஒரு கோடு நிலையா எங்கயும் கிடையாதுங்க.

பீச்சுக்குப் போனா ஒரு பத்து நிமிஷம் அலையை மட்டும் பாருங்க, செல்ஃபி அப்புறம் எடுத்துக்கலாம். அலை பெரும்பாலும் கரைக்கு நேரா வராது, கொஞ்சம் சாய்வா வரும். ஏறும்போது ஒரு மணல் துகளை சாய்வா தூக்கிட்டுப் போகும், ஆனா திரும்பற தண்ணி சரிவு எப்படி இருக்கோ அப்படியே நேரா இறங்கிடும். அப்ப அந்தத் துகள் கிளம்புன இடத்துக்கு வராம கொஞ்சம் தள்ளி வந்து உக்காரும், அடுத்த அலை வந்து இன்னும் கொஞ்சம் தள்ளும், இப்படி ரம்பப் பல்லு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு நடந்துகிட்டே இருக்கும். பத்து செகண்டுக்கு ஒரு அலைன்னு வெச்சாலே ஒரு நாளைக்கு 8,640 தடவை. வருஷத்துக்கு லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் இப்படிக் கடந்து போற கரையெல்லாம் இருக்கு. போன வருஷம் நீங்க கால் நனைச்ச பீச்சுல இன்னைக்கு இருக்கறது வேற மணல்.

அதனால பீச்சுங்கறது ஒரு கையிருப்பு, அவ்ளோதான். வரவு இருக்கற வரைக்கும் செலவு தெரியாது. வரவு எங்கேர்ந்துன்னா முக்கியமா ஆறு. நைல் நதியில அஸ்வான் பெரிய அணை 1970ல முடிஞ்சதும் வண்டல் அங்கேயே தங்கிடுச்சு, கடல் பாட்டுக்கு தன் செலவை நிறுத்தல, டெல்டாவோட ரொசெட்டா முனை மளமளன்னு அரிச்சுப் போச்சு. புயல்ல ஒரே ராத்திரியில காணாமப் போற மணல் விஷயம் வேற, அதுல நிறைய பக்கத்துலயே தண்ணிக்கு அடியில திட்டா கிடக்கும், கடல் அமைதியானா மாசக்கணக்குல மெதுவா திரும்பி வரும்.

பாறைக் கரைக்கு வருவோம். எறும்பு ஊர கல்லும் தேயும்னு சொல்லுவோம், ஆனா கடல் வெறுமனே தேய்ச்சுகிட்டு மட்டும் இருக்காது, உடைக்கும். பெரிய அலை மோதும்போது பாறை விரிசலுக்குள்ள இருக்கற காத்து மாட்டிகிட்டு நசுங்கும், தண்ணி விலகுன உடனே டப்புனு விரியும். சின்னச் சின்ன வெடி மாதிரிதான். விரிசல் குகையாகும், குகை ரெண்டு பக்கமும் திறந்தா வளைவு, வளைவோட மேல்பாகம் விழுந்தா தனித்தூண். ஆஸ்திரேலியாவுல போர்ட் கேம்பல் பக்கத்துல லண்டன் பிரிட்ஜ்னு ரெண்டு வளைவு வெச்ச சுண்ணாம்புப் பாறை இருந்துச்சு. 1990 ஜனவரியில ரெண்டு பேர் அதுமேல நடந்து நுனிக்குப் போயிருக்காங்க, அவங்களுக்குப் பின்னாடி கரையோட சேர்ற வளைவு பொலபொலன்னு கடல்ல விழுந்துடுச்சு. நல்லவேளை யாருக்கும் அடியில்ல, ஹெலிகாப்டர் வந்துதான் கூட்டிட்டுப் போச்சு. யோசிச்சுப் பாருங்க, போகும்போது தரை, திரும்பிப் பாத்தா தீவு!

இதெல்லாம் அலையோட வேலை. கடல்மட்டமே மாறினா கதை இன்னும் பெருசு. சுமார் 20,000 வருஷம் முன்னாடி பனியுகத்துல தண்ணியெல்லாம் பனியா உறைஞ்சு கிடந்ததால கடல் இப்ப இருக்கறதைவிட 120 மீட்டர் போல கீழ இருந்துச்சு. பனி உருக உருக கடல் ஏறி ஆத்துப் பள்ளத்தாக்குக்குள்ள எல்லாம் புகுந்துச்சு, சிட்னி துறைமுகம் அப்படி மூழ்கின பள்ளத்தாக்குதான். நார்வேயில பனியாறு குடைஞ்ச பள்ளத்துல புகுந்ததுதான் ஃபியோர்டு, சோக்னஃபியோர்டு 1,300 மீட்டர் ஆழம்.

சரி, கடல் ஏறுது, தரை சும்மா இருக்குமா? பனிப்பாளத்தோட பாரத்துல அமுங்கிக் கிடந்த தரை, பாரம் போனதும் இன்னைக்கு வரைக்கும் மெதுவா எழும்பிட்டு இருக்கு. ஸ்வீடனுக்கும் ஃபின்லாந்துக்கும் நடுவுல போத்னியா வளைகுடாவுல வருஷத்துக்கு 8 மில்லிமீட்டர் போல. நகம் வளர்றதைவிட மெதுவு, சிரிப்பு வரும். ஆனா ஸ்வீடன்ல லூலியோன்னு ஒரு ஊரு, 1621ல துறைமுகத்தை நம்பி நகரமா ஆனது, துறைமுகம் மேடாகி கப்பல் வரமுடியாமப் போய் 1649ல மொத்த ஊரையும் கடலைத் தேடி இடம் மாத்த வேண்டியதாப் போச்சு. பழைய சர்ச் இன்னும் அங்கேயே நிக்குது, சுத்தி தரை.